வலது தோளில் முந்தானை

1940 ஏப்ரல் 11, வியாழன். தேனி.

மாலை ஜெபக்கூட்டம், ஞானபாக்கியம் அக்கா வீட்டுக் கொல்லையில். வந்தவர்கள்: சபை மூப்பரின் மனைவி ஞானபாக்கியம் அக்கா, குமுளியில் கடை வைத்திருப்பவரின் மனைவி சாராள், என் நாத்தனார் ஞானசெல்வி, நான். ஆக நாலு பேர். வராதவர் ஒருவர்: எங்கள் சபைப் போதகரான ஐயரின் மனைவி ஐயரம்மா. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம், அறுப்பு முடிந்த வயலில் சினிமாக் கூடாரம் போட்டு ஒரு வாரம் ஆகிறது. நாங்கள் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. வெக்கைக்காக அங்கே பின்பக்கப் படுதாவைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். வெள்ளைத் திரை எங்களுக்கு நேரே. அதில் ஆள் நடக்கிறது, பேசுகிறது. நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. அதுவாக வந்தது. கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னேன். யார் யார் மூடவில்லை என்று பார்ப்பதற்காக நானும் திறந்தேன்.

முடியும்வரை பார்த்தோம். கடைசி ஜெபம் செய்ய மறந்துவிட்டது. வருகைப் புத்தகத்தில் ‘கூட்டம் நீண்டது’ என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லை.

ஏப்ரல் 12, வெள்ளி.

காலையிலேயே அக்காவும் சாராளும் உளுந்து புடைக்க வந்ததாகச் சொல்லி வந்தார்கள். உளுந்து கொண்டுவரவில்லை.

“அந்தப் பொண்ணு வலது தோள்ல முந்தானை போட்டிருந்தா, பாத்தியா கிருபா? பட்டணத்துல இப்ப அப்படித்தான் போல” என்றாள் அக்கா.

“கன்னத்து மச்சமும் வலப்பக்கந்தான்” என்றாள் செல்வி.

“அந்த ஆம்பள மட்டும் என்ன? வகிடு வலப்பக்கம், கடிகாரமும் வலது கையில. சோடி போட்டு வச்சிருக்காக” என்றாள் சாராள்.

“எல்லாரும் இடது கையால சாப்பிட்டாகளே, அதச் சொல்லுங்க” என்றேன் நான். எண்ணியிருந்தேன். கல்யாணப் பந்தியில் பதினோரு பேர். பதினோரு பேரும் இடது கை.

“பணக்காரக. யாரு கேக்க முடியும்” என்றாள் அக்கா.

ஆரம்பத்தில் வந்த எழுத்து எனக்கு ஒன்றுகூட விளங்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போகாதவள்தான். ஆனால் அண்ணனின் சிலேட்டைப் பார்த்தே படித்து, வேதப் புத்தகம் முழுவதையும் நாலு முறை வாசித்திருக்கிறேன். மலையாளமா என்று சாராளைக் கேட்டேன். “மலையாளம் எனக்குத் தெரியும், அது இல்ல. தெலுங்கா இருக்கும்” என்றாள். தெலுங்குப் படத்தில் எல்லாரும் ஏன் தமிழ் பேசுகிறார்கள்?

ஏப்ரல் 14, ஞாயிறு.

போடியிலிருந்து கடிதம். இருபத்தேழாம் தேதி செல்வியைப் பார்க்க வருகிறார்களாம். பையன் பெயர் ஜேசுராஜ். ஏலக்காய்க் கடை.

இது மூன்றாவது இடம். முதல் இரண்டு வீட்டாரும் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, பெண் பட்டிக்காடாக இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு செல்வி கண்ணாடி பார்ப்பதில்லை. இன்று எடுத்துத் துடைத்தாள்.

“மதினி, இந்தத் தடவ அந்த வார்த்தைய நான் கேக்கக் கூடாது” என்றாள்.

ஏப்ரல் 18, வியாழன்.

ஜெபக்கூட்டம். அதே நாலு பேர். ஐயரம்மாவுக்கு மறுபடி காய்ச்சல்.

அதே படம். இன்று பார்த்தது முழுக்கச் செல்விக்காக. சாராள் முந்தானையின் நீளத்தைக் கவனித்தாள். அக்கா மச்சத்தின் இடம். நான் வகிடும் நெற்றிச் சுருளும். ஆண்டவர் மன்னிப்பார். செல்விக்காக என்று எழுதியாயிற்றே.

ஏப்ரல் 22, திங்கள்.

செல்வி மட்டும் வலது தோளில் போட்டால் வேஷம் மாதிரி தெரியும், நாலு பேரும் போட்டால் ஊர் வழக்கமாகத் தெரியும் என்கிறாள் அக்கா. ஆகவே நாலு பேரும் பழகுகிறோம். எதை எடுக்கப் போனாலும் கையோடு முந்தானையும் வருகிறது. இன்று குழம்பில் ஒரு தடவை, ஆட்டுக்கல்லில் ஒரு தடவை.

செல்வியின் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், மண்டியிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். “என்ன, வீட்டுல எல்லாருக்கும் தோள் சுளுக்கா?” என்று கேட்டார்கள். கட்டின மனைவியிடம் கேட்கிற கேள்வியா இது?

ஏப்ரல் 27, சனி.

நடந்ததை விடாமல் எழுதிவைக்கிறேன்.

காலை ரயிலில் வந்தவர்கள்: பையன், அவன் அம்மா, தாய்மாமன். மூன்று பேர். பையன்: வெள்ளைச் சட்டை, கிராப்பு, வலப்பக்க வகிடு, வலது மணிக்கட்டில் கடிகாரம், புதுச் செருப்பு. அதிகம் பேசவில்லை. அம்மா: கறுப்புக் கரை வெள்ளைச் சேலை, முந்தானை இடது தோள். உட்கார்ந்ததும் அக்கா, சாராள், நான் என்று எங்கள் மூன்று தோளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

“இங்கன எல்லாரும் இப்படித்தான் உடுத்துவீகளோ?”

“ஆமா. இங்கன வழக்கம்” என்றாள் ஞானபாக்கியம் அக்கா. முகத்தில் ஒரு அசைவு இல்லை.

செல்வி காப்பி கொண்டுவந்தாள். குனிந்தபோது முந்தானை தாய்மாமனின் தம்ளருக்குள் விழுந்தது. அவர் நல்ல மனுஷன். பிழிந்து கொடுத்தார். கன்னத்தில் நான் வைத்த மை மச்சம் வியர்வையில் கரைந்து தாடைவரை வந்துவிட்டது. பையன் ஒரு தடவை அவளைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான்.

“எழுதுறோம்” என்று சொல்லிப் புறப்பட்டார்கள். பட்டிக்காடு என்று சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லவும் இல்லை.

ஏப்ரல் 29, திங்கள்.

எங்கள் சபை மாதர் சங்கத்தின் பெயர் தைத்த துணியைத் துவைத்துக் காயப் போட்டேன். மெல்லிய துணி. வெயிலில் பின்பக்கம் நின்று பார்த்தபோது எழுத்து ஊடுருவித் தெரிந்தது. சினிமாவில் வந்த அதே தெலுங்கு.

முன்பக்கம் போனேன். தமிழ். நானே தைத்தது. மறுபடி பின்பக்கம். தெலுங்கு.

அப்படியானால் அந்தப் பந்தி — அந்த மச்சம் — முந்தானை —

ஐயோ ஆண்டவரே, எம் புத்திய என்னன்னு சொல்ல. பதினோரு பேரும் சோத்துக் கையாலதான சாப்பிட்டிருக்காக.

ஏப்ரல் 30.

செல்வியிடம் சொல்லிவிட்டேன். “பட்டிக்காடுன்னு சொல்லியிருந்தாக்கூடத் தேவல மதினி. இப்பக் கிறுக்குன்னுல்ல சொல்லுவாக” என்றாள். கண்ணாடி மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது.

மே 2, வியாழன்.

சினிமாக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜெபக்கூட்டத்துக்கு ஐயரம்மா வந்தார்கள். ஆக ஐந்து பேர்.

கூட்டம் முடிந்ததும் ஐயரம்மாவைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் அறிக்கையிட்டேன். பந்தி வரைக்கும் சொன்னேன்.

“பின்னாடி இருந்தா பாத்தீக? முன்னாடி பெஞ்சுல இருந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு” என்றார்கள்.

பிறகு ஜெபித்தோம். தனித்தனியாக, மனசுக்குள். வருகைப் புத்தகத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுதிய இரண்டு இடத்தையும் நான் திருத்தவில்லை.

மே 6, திங்கள்.

கடிதம் இல்லை. ஒன்பது நாள் ஆகிறது. முகத்தை முறித்துச் சொல்ல மனசில்லாமல் சும்மா இருக்கிறார்களோ?

எதில் தவறினோம் என்று பார்க்க இருபத்தேழாம் தேதிக் குறிப்பை எடுத்து வாசித்தேன். அதில் நானே எழுதியிருக்கிறேன்: வலப்பக்க வகிடு. வலது மணிக்கட்டில் கடிகாரம்.

சாயங்காலம் செல்வியின் அண்ணனைக் கேட்டேன், பஜாரில் கடிகாரம் கட்டியவர்கள் எந்தக் கையில் கட்டுகிறார்கள் என்று. “இது என்ன கேள்வி? இடது கையிலதான்” என்றார்கள். போடியில் சினிமாக் கூடாரம் உண்டா என்றும் கேட்டேன். மார்கழியிலிருந்து உண்டாம்.

செல்வியைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். விரல் வைத்து வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.

“அப்ப அவுகளும் வேலிக்கு இந்தப் பக்கந்தானா மதினி?” என்றாள்.

என்னிடம் கேட்காமலே பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனாள்.

மே 10, வெள்ளி.

போடிக் கடிதம் வந்தது. பெண் பிடித்திருக்கிறது. பையன் இனி வேறு இடம் பார்க்க வரமாட்டேன் என்கிறானாம். ஜூன் இரண்டாம் வாரம் கல்யாணம் வைக்கலாமாம். ஸ்தோத்திரம்.

கடைசியில் அவன் அம்மா இப்படி எழுதியிருக்கிறார்கள்: ‘உங்கள் ஊர் வழக்கத்தை மதித்து எங்கள் வீட்டுப் பெண்கள் பதினெட்டுப் பேரும் முந்தானையை வலது தோளில் போட்டுப் பழகுகிறோம். பதில் தாமதமானதற்கு அதுவே காரணம். சிரமமாகத்தான் இருக்கிறது.’

நாங்கள் நாலு பேரும் இடது தோளுக்குத் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. அக்காவிடம் யோசனை கேட்டால் இன்னொரு வழக்கம் சொல்லுவாள். ஆகவே கேட்கவில்லை. நான் எழுதிய பதிலின் நகல்:

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு, கிருபாவதி எழுதிக்கொண்டது. தங்கள் கடிதம் கண்டு எல்லாரும் மகிழ்ந்தோம். முந்தானையை வலது தோளில் போடுவது எங்கள் ஊர் வழக்கம் அல்ல. அது எப்படி வந்தது என்று தங்கள் மகனைக் கேட்டால் சொல்வார். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கவும். நாங்கள் இப்போது இடது தோளில் போடுகிறோம். பதினெட்டுப் பேரும் பழகிவிட்டீர்கள் என்றால் நாங்கள் நாலு பேர் மறுபடி வலது தோளுக்கு வருவதில் தடையில்லை. கல்யாண ரவிக்கையில், முந்தானை மறைக்காத தோளில் மட்டும் பூவேலை வைப்பதாகப் பேச்சு. தையற்காரர் துணியை வெட்டாமல் வைத்திருக்கிறார். எந்தத் தோள் என்று சீக்கிரம் பதில் எழுதவும்.