இல்லை என்றால் காலியாக விடவும்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். லிங்கராஜபுரத்திலிருந்து ஆபீஸுக்கு ஒன்றரை மணி நேரம், பஸ்ஸில் நின்றேதான்.

ஸ்ரீராம்புரம் தண்ணீர் சர்வே. 'குழாயில் தினம் எத்தனை மணி நேரம் தண்ணீர்?' அந்தக் கேள்விக்கு மட்டும் ஏகப்பட்ட கட்டங்கள் காலி. அக்கம்பக்கத்துச் சந்துகளின் சராசரியை வைத்து நிரப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை குடிநீர் வாரியத்துக்கு ஃபைல் போகிறது. எந்தச் சந்துக்கு டேங்கர் என்பது அதை வைத்துத்தான்.

டீம் லீட் மஞ்சுநாத் சார், கன்னடம் கலந்த தமிழில்: "நம்பர் போட்டு முடிச்சிடும்மா, சும்மனே யோசிக்காதே."

வாங்க: ஷாம்பூ, கொசுவத்தி. அம்மாவுக்கு போன்.

மார்ச் 5, புதன்

நிரப்பியாச்சு. இரண்டு மணி நேரம், இரண்டரை, இரண்டு. சார் "சூப்பர்" என்றார். எனக்குத்தான் ஒரு சந்தேகம். காலி எல்லாம் ஏன் ஒரு நாலே சந்தில்? மற்றதற்கெல்லாம் வாய் நிறையப் பதில் சொன்னவர்கள் இதற்கு மட்டும் ஏன் மூடிக்கொண்டார்கள்?

அம்மாவுக்கு போன் பண்ணவில்லை. ஷாம்பூவும் மறந்தாச்சு.

மார்ச் 6, வியாழன்

மேகம் கூடிக் கலைந்தது. அந்தச் சந்துகளில் வீடு வீடாகப் போய் சர்வே எடுத்த செல்விக்கு போன்.

"பதிலே சொல்லலையா செல்வி?"

"சொன்னாங்களேக்கா. இல்லன்னாங்க. குழாய்ல தண்ணியே வர்றதில்லயாம்."

"அப்புறம் ஏன் காலியா விட்ட?"

"நீங்க குடுத்த தாள்லதான் போட்டிருந்திச்சு. இல்லன்னா காலியா விடணும்னு."

தாளைத் தேடி எடுத்தேன். 'இல்லை என்றால் காலியாக விடவும்.' 'பதில் இல்லை என்றால்' என்ற நினைப்பில் எழுதியது. எழுதியது நானேதான். டீமில் தமிழ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்று என்னிடம் கொடுத்தார்கள், பெருமையாக வேறு இருந்தது. 'பதில்' என்று ஒரு சொல் போட எனக்கென்ன கேடு?

சொட்டுத் தண்ணீர் வராத வீட்டுக்கெல்லாம் இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டிருக்கிறேன். டேங்கர் அந்தப் பக்கமே போகாது. வெட்கமாக இருக்கிறது. பயமாகவும்.

மார்ச் 7, வெள்ளி

ஆபீஸ் போனதும் சாரிடம் சொல்லிவிட்டேன்.

"தாள் யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார்."

சார் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு: "செல்வி சொன்னாங்கன்னு எல்லாத்துக்கும் சைபர் போட முடியாது. சாயந்திரம் வரைக்கும் டைம். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணு."

செல்வியும் நானும் ஆளுக்குப் பாதி. முதல் வீடு, ஓர் அம்மா எடுத்தார். பெயர், சர்வே எல்லாம் சொல்லிவிட்டு, "குழாய்ல தினம் எத்தனை மணி நேரம் தண்ணி வருதும்மா?"

"அன்னிக்கே வந்து கேட்டீங்களே. இல்லன்னு சொன்னேனே, எழுதிக்கவேயில்லயா?"