நீ தேய்த்த நான்கு விரல்கள்

என் பொல்லாத அம்மாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாளாகிறது. அங்கேயாவது யாரையும் குறைசொல்லாமல் இருக்கிறாயா? இங்கே காளிகாட் வீட்டில் ஒரு செய்தி. பரணிலிருந்து கிதாரை இறக்கிவிட்டேன். இடது கை விரல் நுனியெல்லாம் கொப்புளம். புளி கரைத்தால் உயிர் போகிறது.

மாடிவீட்டுப் பெங்காலி அக்கா மிட்டு தீதியிடம் அந்த அமெரிக்க நாட்டுப்பாட்டைக் கற்றுக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? ரயிலேறிப் போனவன் வீடு திரும்பாத பாட்டு. கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, கம்பியை அழுத்தி அழுத்தி, மூன்று மாதத்தில் விரல் நுனி காய்த்தது. காய்த்தால்தான் வலிக்காமல் வாசிக்கலாம். எனக்கு அதில் எவ்வளவு பெருமை!

உனக்கோ அவமானம். அப்பாவின் கிடர்பூர் துறைமுக நண்பர் மூலம் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் என் கையை வெந்நீரில் அமுக்கினாய். பெங்காலிப் பெண்கள் குதிகாலுக்குத் தேய்க்கும் ஜாமாக் கல்லை எடுத்தாய்.

“ஏட்டி, பொம்பளப் புள்ள கையா இது? கொத்தனாரு கை கெட்டுது போ! அவிய தொட்டுப் பாத்தா என்ன நெனப்பாவ?”

ரத்தம் வந்தது. நீ நிறுத்தவில்லை. வந்தவர்கள் கையைத் தொடக்கூட இல்லை, பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனார்கள். மறுநாள் தெரு சரஸ்வதி பூஜை மேடையில் முதல் சரணத்திலேயே விரல் எரிந்து, பாதியில் எழுந்து ஓடினேன். மிட்டு தீதி தனியாக முடித்தாள். நீ முன்வரிசையில் உட்கார்ந்து, “விட்டுது சனியன்” என்றாய். என்ன வாய் அம்மா உன் வாய்!

அதற்குப் பிறகு பெண் பார்க்க யார் வந்தாலும் என் விரலைத் தேய்த்தாய். வெறுத்துப்போய் கிதாரைப் பரணில் போட்டேன். கல்யாணமும் நடக்கவில்லை. உனக்குச் சோறூட்ட நான் மிஞ்சினேன்.

நீ படுக்கையில் விழுந்த இரண்டாம் வருஷம், ஒரு மத்தியானம், நீயே கேட்டாய்.

“ஏட்டி, அந்த ரயிலுப் பாட்ட ஒருதடவ வாசியேன். கேக்கணும் போல இருக்கு.”

கெஞ்சினாய். நீ கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. என் விரல்களை உன் கன்னத்தில் வைத்தேன்.

“எப்படி மெத்துமெத்துனு இருக்கு பாரு. நீ தேய்ச்ச கைதான். இத வச்சு எப்படி வாசிக்க?”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். எனக்கு நன்றாக இருந்தது அம்மா. பொய் சொல்லமாட்டேன், ரொம்ப நன்றாக இருந்தது.

வலியோடு நாலு வரி வாசித்திருக்கலாம். மனசு வரவில்லை. இப்போது தினமும் வாசிக்கிறேன். ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் எஃப் கார்டு மட்டும் இன்னும் கரகரக்கிறது. யார் கேட்க இதெல்லாம்?

ஒரு வாக்குத் தருகிறேன். பாட்டைக் கடைசி வரிவரை வாசிப்பேன். தெருவில் போகிறவர் கேட்டாலும் வாசிப்பேன். நீ எழுந்து வந்து கேட்டால் மட்டும் முடியாது என்றுதான் சொல்வேன்.

ஆனாலும் ஒருதடவை வந்து கேள்.

உன் குணமே வாய்த்த உன் மகள்,
செல்வி