மூன்றாம் தரம்

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மா விளக்கை அணைத்த பிறகு, போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

அலாஸ்காவில் உங்களோடு மீன்பிடிக்கிற அலுட்டிக் என்ற பழங்குடிக் கிழவரிடம் அவர்கள் மொழியில் கேட்டு நீங்கள் அனுப்பிய சொற்களைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இமாக் என்றால் கடல். குயானா என்றால் நன்றி. சமாய் என்றால் வணக்கம். இந்த ஊரில் அவை எனக்கு மட்டும்தான் தெரியும்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் உங்கள் கொம்பனியில் இருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது. உங்கள் படகு இன்னும் கரைக்கு வரவில்லையாம். "கொம்மாவுக்கு மூச்சும் விடாதை," என்று அப்பா என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து அவர் கடலுக்குப் போகவில்லை. கிழிந்த வலை பொத்துகிறேன் என்று அம்மாவிடம் சொல்கிறார்.

நேற்று இரவு கிணற்றடியில் யாரோ கூப்பிட்டார்கள். "சமாய்." கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "சமாய்." நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சின்ன வயதில் அம்மா எங்களுக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? "கடல் கொண்டுபோனது ரண்டு தரந்தான் கூப்பிடும். மூண்டாந்தரமும் கூப்பிட்டால்தான் மனிசர். அதுக்கு முதல் ஓம் எண்டிடாதையுங்கோ."

காலையில் தோசை சுட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: "பிள்ளை, சமாய் எண்டால் என்னடி? ராத்திரி ஆரோ கூப்பிட்டது. கொண்ணையின்ரை குரல் மாதிரிக் கிடந்தது."

தெரியாது என்றேன்.

இப்போது மீண்டும் கேட்கிறது. ஒரு தரம். இரண்டாம் தரம்.

"ஓம் ராசா, வாறன்," என்று அம்மா எழும்பிவிட்டார். தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது.

அண்ணை, அது நீங்கள் என்றால் இன்னும் ஒரு தரம் கூப்பிடுங்கோ.

உங்கள் தங்கச்சி