சிவப்புக் குல்லா

29 ஜனவரி 2006, ஞாயிறு

பூங்காவில் விளக்குத் திருவிழா தொடங்கிவிட்டது. வியாழக்கிழமை போகிறோம் என்று கனகா போனில் அறிவித்தாள். கேட்கவில்லை, அறிவித்தாள். இங்கே ஓமானில், ரூவியில் எங்கள் கட்டிடத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவள்தான் வானொலி நிலையம். யார் வீட்டுக் குழம்பில் உப்பில்லை என்பதுவரை ஒலிபரப்பாகும்.

தன்யாவை அந்தக் குளிரில் அழைத்துப் போவதா? மூன்று வயது. போன மாதம்தான் சளி விட்டது. “பத்தொன்பது டிகிரிக்கு இவ்வளவு அலட்டலா?” என்கிறார் இவர். பேசுவார். அவள் இருமினால் விழித்திருக்கப் போவது யார்?

1 பிப்ரவரி

லீவில் ஊட்டிக்குப் போனபோது வாங்கிய குரங்குக் குல்லா ஒன்றைக் கனகா கொடுத்தாள். அவள் மகன் ரிஷிக்கும் அதே சிவப்பு. போட்டோவில் ஜோடியாக இருக்குமாம். கண்ணும் மூக்கும் தவிர எல்லாம் மூடுகிறது. முதல்முறையாகக் கனகாவை எனக்குப் பிடித்தது.

2 பிப்ரவரி, வியாழன் - இரவு மணி பன்னிரண்டரை



இவருக்கு டூட்டி. கனகாவும் நானும் பிள்ளைகளும்தான் போனோம். விளக்கு ஒட்டகம், விளக்கு மீன், விளக்குப் பேரீச்சை மரம். ஓமானிப் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையில் ஐஸ்கிரீம் தின்றன. கம்பளிக்குள் இருந்ததெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள். “வேர்க்குதும்மா” என்று தன்யா மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் குல்லாவைக் கீழே இழுத்துவிட்டேன்.

வாணவேடிக்கைக்காக விளக்குகளை அணைத்தார்கள். கூட்டம் நெருக்கியது. கைக்கு எட்டிய சிவப்புக் குல்லாவை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டேன். சிப்ஸ் கொடுத்தேன். முதுகைத் தடவினேன். விளக்கு வந்ததும் வாயைத் துடைக்கக் குல்லாவைத் தூக்கினால் - ரிஷி.

“ஏண்டா சொல்லல?”

“ஆன்ட்டி, யூ கேவ் மீ சிப்ஸ்.”

என் பிள்ளை எங்கே? கத்தினேனா, ஓடினேனா, தெரியலை. கனகா விளக்கு ஒட்டகத்தின் முன்னால் போட்டோவுக்குத் தலை சாய்த்துக்கொண்டிருந்தாள். தன் பிள்ளை பக்கத்தில் இல்லை என்பதே அவளுக்குத் தெரியாது.

ரிஷியை அவளிடம் விட்டுவிட்டு, தொலைந்த பிள்ளைகளை வைத்திருக்கும் கூடாரத்துக்கு ஓடினேன். சிவப்புத் தொப்பி, சிவப்புத் தொப்பி என்றேன். போலீஸ்கார அம்மா உள்ளே பார்த்துவிட்டு, “தொப்பி மாஃபி” என்று கையை விரித்தார். இல்லையாம். கவுன் என்ன நிறம் என்று கேட்டார். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? எம்.எஸ்ஸி. படித்தவள். பெற்ற பிள்ளைக்கு அடையாளம் கேட்டால் குல்லாவைச் சொல்கிறேன்.

அவருக்குப் பின்னாலிருந்து “அம்மா” என்றது. தலையெல்லாம் வேர்வை, வாயெல்லாம் அல்வா. குல்லாவைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

4 பிப்ரவரி

கனகா போன். “நீ எம்புள்ளையத் தூக்கிட்டுப் போனத நான் யார்கிட்டயும் சொல்லலடி.”

“நீ அவனத் தேடவே இல்லன்னு நானும் சொல்லல கனகா.”

பிறகு, வத்தக்குழம்பு வைத்திருக்கிறாளாம், கொடுத்தனுப்பட்டுமா என்றாள். நிலையம் இந்த ஒரு செய்தியை மட்டும் ஒலிபரப்பாது.

9 பிப்ரவரி, வியாழன்

இவரோடு மறுபடி போனோம். மஞ்சள் கவுன். இடது முட்டியில் தழும்பு. காதுக்குக் கீழே மச்சம். பார்த்து வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். வெறுந்தலையோடு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. எனக்குத்தான் மூக்கு ஒழுகுகிறது. எழுதிக்கொண்டிருந்தவளின் தலையில் இவர் அந்தக் குல்லாவை மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

உண்மையிலேயே வேர்க்கிறது.