கட்டாந்தரைக்கு எந்த மட்டை

ஜூலை 9, 2023

இவர் காலையில் இட்லி வேண்டாம் என்றார். மதியம் சோறு வேண்டாம் என்றார். பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவர் வாயில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான்: வேணாம். தண்ணீர் கேட்பதற்கும் அதுதான், விளக்கை அணைக்கச் சொல்வதற்கும் அதுதான். எது மறுப்பு, எது கேட்பது என்று முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். முகமும் பாதிதான் அசைகிறது.

ஜூலை 12

பிசியோதெரபி பெண் என்னை வாசலுக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள். வலது கை திரும்பும் என்று சொல்ல முடியாதாம். நிற்கப் பழகலாமாம், ஆனால் அவர் மனசு வைக்க வேண்டுமாம். "முன்னாடி அவருக்கு இன்னா புடிக்கும்க்கா? அத்த குடுத்துப் பாருங்க."

என்ன பிடிக்கும்? பதினெட்டு வருடம் துபாயில் இருந்தார். வருடத்துக்கு ஒரு மாதம் எனக்கு. லீவில் வரும் மனிதரை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஜூலை 13

பீரோவுக்குப் பின்னால் நின்ற கோல்ஃப் பையைத் திறந்தேன்.

அங்கே ஒரு கோல்ஃப் கிளப்பின் கடையில்தான் இவருக்கு வேலை. ஆட வருகிறவர்கள் வீசுவதைப் பார்த்து, அவரவருக்குத் தோதான மட்டையை எடுத்துத் தருவது. கொண்டுவந்ததில் மூன்று, வெட்ஜ் என்கிற வகை. கிட்டத்திலிருந்து பந்தை மேலே தூக்கிப் போடுவதற்கானவை. அடியில் எண் பொறித்திருக்கிறது: 4, 8, 14. அதற்கு பவுன்ஸ் என்று பேர். ஒருமுறை போனில் விளக்கியிருக்கிறார். எண் கம்மி என்றால் அடிப்பக்கம் தட்டை. விளிம்பு தோசைத் திருப்பி போல தரையை ஒட்டிப் போகும். எண் ஜாஸ்தி என்றால் அடியில் தொப்பை. கரண்டியின் முதுகு மாவில் வழுக்குவது போல மண்ணில் குத்தாமல் வழுக்கும். "கட்டாந்தரைக்கு கம்மி, மெத்தைப் புல்லுக்கு ஜாஸ்தி" என்றார். அவ்வளவு நேரம் அவர் போனில் பேசி நான் கேட்டதில்லை.

ஜூலை 16

கொல்லைப்புறம் கட்டாந்தரை. ஆகவே 4. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், கோணம் புரியாதா எனக்கு?

என்னை பாபி என்று கூப்பிடும் கொழுந்தன் நூர், பின்னாலிருந்து இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இவர் இடது கையால் மட்டையைத் தூக்கினார். முன்பெல்லாம் பெருக்குவது போல வீசுவாராம். இன்று மண்வெட்டி போல நேரே இறங்கியது. விளிம்பு மண்ணில் குத்தி நின்றது. அந்த அதிர்ச்சியில் தோள் இழுத்துக்கொள்ள, இருவரும் விழுந்தார்கள்.

நூர் மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டான்: "நிக்க முடியாத மன்ஷன இட்டாந்து இன்னா பாபி வெளாட்டு இது?"

மண்ணில் குத்தி நின்ற மட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.

ஜூலை 17

சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

ஜூலை 24

போனில் தேடித்தேடிப் படித்தேன். தப்பு என்னுடையதுதான். தரையை மட்டும் பார்த்து எடுத்தேன். வீசுகிற ஆளைப் பார்க்கவில்லை. பெருக்குவது போல வீசுகிறவருக்குத்தான் கம்மி. வெட்டுவது போல இறக்குகிறவருக்கு ஜாஸ்தி வேண்டும், இல்லாவிட்டால் குத்தும். லீவில் வந்த மனிதருக்கு மட்டை எடுத்திருக்கிறேன். இங்கே இருப்பவர் வேறு ஆள்.

சாயங்காலம் கெஞ்சி நிற்கவைத்து 14-ஐக் கொடுத்தேன். குத்தவில்லை. ஆனால் கட்டாந்தரையில் தொப்பை பட்டுத் துள்ளி, பந்தின் மண்டையில் இடித்தது. இவர் கை 14 கேட்கிறது, எங்கள் மண் 4 கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான்.

மெத்தென்ற தரை எங்கே இருக்கிறது இந்த ஊரில்?

ஆகஸ்ட் 20

கோமுகி அணைக்குப் போனோம். ராத்திரி கல்வராயன் மலையில் நல்ல மழை. கரையோரப் புல் கால் வைத்தால் அமுங்கியது. ஆட்டோக்காரர் ஆதிமூலம்தான் பிடித்துக்கொண்டார். "அடிங்க பாய், நா புடிச்சிக்கினுதான் கீறேன். வுழுந்தா ஜோடியா வுழுவோம்." இவர் வாயின் ஒரு ஓரம் கொஞ்சம் இழுபட்டது. சிரிப்பா? அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

14 புல்லில் வழுக்கியது. குத்தவில்லை, துள்ளவில்லை. பந்து நான்கு முழம் போய் நின்றது. நான் கை தட்டினேன். ஆதிமூலமும் தட்டினார்.

இவர் அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மட்டையைத் தண்ணீரில் எறிந்தார்.

ஆதிமூலம் லுங்கியை மடித்துக் கட்டி இறங்கித் துழாவி எடுத்து வந்தார்.

இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. மட்டை தப்பாக இருந்தவரை மட்டையைக் குறை சொல்லலாம். இன்று மட்டை சரி, தரை சரி, அடியும் சரி. அவரால் முடிகிற நல்ல அடியே அவ்வளவுதான். அதை அவர் பார்த்துவிட்டார். நான்தான் கூட்டிப் போய்க் காட்டினேன். கை வேறு தட்டினேன்.

ஆகஸ்ட் 21

இன்று நான் என்ன நினைத்தேன் என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

செப்டம்பர் 8

அரை இட்லி. நேற்றும் அரைதான். பிசியோ பெண்ணைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். நான்கு நாளாக அவளும் வரவில்லை.

பையைக் கொடுத்துவிடலாம் என்கிறான் நூர். சென்னையில் அவனுக்குத் தெரிந்த ஒருவர் ஆடுகிறாராம். "கண்ணெதுர்ல வெச்சிக்கினு கீறதாலதான் அண்ணனுக்கு வெசனம் ஜாஸ்தி." ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகச் சொன்னேன். இவரிடமும் கேட்டேன். வேணாம் என்றார். பை வேண்டாமா, கொடுப்பது வேண்டாமா? முகம் சுவர்ப் பக்கம் இருந்தது.

செப்டம்பர் 10

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் இவரை வெயிலுக்காகக் கொல்லை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்தேன். நூர் வருவதற்குள் துடைத்து வைக்கலாம் என்று பையையும் அங்கேயே கொண்டுவந்தேன். 14-இல் அணைச்சேறு காய்ந்து போயிருந்தது. சுரண்டச் சுரண்ட எங்கிருந்தோ அப்படி ஒரு ஆத்திரம். ஒரு பந்தைக் கீழே போட்டு அடித்தேன். நான் இதுவரை மட்டையைத் தொட்டு வீசியதே இல்லை. பந்து தரையோடு பறந்து குளியலறைச் சுவரில் மோதியது. மறுபடி அடித்தேன். மறுபடி. நீ படுத்துக்கோ, நான் எங்க போய்ப் படுத்துக்கறது? — வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சாலம்மாள் மதில் மேல் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"வேணாம்."

திரும்பினேன். இவர் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். பார்வை என் முகத்தில் இல்லை. என் தோளில், என் மணிக்கட்டில், பந்து கிடந்த மண்ணில். இத்தனை மாதத்தில் அந்தக் கண்களை நான் பார்க்கவில்லை. இல்லை, எப்போதுமே பார்த்ததில்லை. அது கடையில் இருந்தவரின் பார்வை.

தடியை வைத்துவிட்டு இடது கையால் பையைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொன்றாய்த் திருப்பி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். 8-ஐ விட்டுவிட்டார். 4-ஐ உருவி என்னிடம் நீட்டினார்.

நான் பெருக்குவது போல வீசுகிறேன். எனக்கே தெரியாது. எங்கள் தரையோ கட்டாந்தரை.

பந்து துணி காயும் கொடியைத் தாண்டிப் போனது.

இவர் கை தட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. இன்னொரு பந்தைத் தடியால் என் பக்கம் உருட்டினார்.

பதினோரு மணிக்கு நூர் வந்தான். வெறுங்கையோடு போகச் சொன்னேன்.

டிசம்பர் 3

பேச்சு இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கையும் அப்படியேதான். போன வாரம் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இன்று காலை நான் வீசும்போது என் இடது முட்டி மடங்குவது சரியில்லை என்று தடியால் தரையில் தட்டினார். நான் கவனிக்கவில்லை. மறுபடி தட்டினார், முட்டியிலேயே, பலமாக. தட்டுவதற்காக நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

முட்டி கன்றிப்போயிருக்கிறது. எண்ணெய் தடவவில்லை, இருக்கட்டும்.