காட்டுக்குப் பூக் கேட்டது

மருமகளுக்கு அத்தை எழுதுறது. அய்யனாரு புண்ணியத்துல எல்லாரும் நல்லாருக்கோம்.

ரயிலு ஸ்டேஷனச் சுத்தி வரப்போற டவுனுன்னு, நீ வரைஞ்ச படத்த ஊர்க் கூட்டத்துல விரிச்சப்ப எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணுச்சு. வீடு, சந்தை, ஆஸ்பத்திரி எல்லாமே ரயிலடியிலருந்து நடந்து போற தூரம். நம்ம கரிசக்காட்டுல இம்புட்டும் முளைக்குமா தாயி?

"என் காட்டப் பிடுங்கவா உன்னப் படிக்க வச்சேன்"னு நம்ம காடும் அந்தப் படத்துக்குள்ள வருதுன்னதும் மாமா கத்தவும் நீ அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்ட.

நேத்து சாமிகிட்டப் பூக் கேட்டோம். வெள்ளை வந்தா காட்டக் குடுக்கணும், செவப்பு வந்தா குடுக்கக் கூடாது. பொட்டலம் ரெண்டையும் மடிச்சு சாமி முன்னால போட்டது மாமாதான். நான் எடுத்தது வெள்ளை. "சாமியே சொல்லிருச்சு, இனி நான் என்ன பேச"ன்னு அவுக முன்னால நடந்துட்டாக.

கிடந்த இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் வெள்ளைப் பூதான்.

அவுககிட்ட நான் ஒண்ணும் கேக்கல. நீயும் தெரிஞ்சதாக் காட்டிக்கிடாத.

உன் அத்தை