தினியின் சத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு, மாவீ ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? ஐசால் குளிர் எனக்கு ஓரளவு பழகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே தேவாலயத்தில், நான் பார்த்துக்கொள்ளும் பேச்சு வராத சிறுமி தினி, மத்தளச் சத்தம் தாங்காமல் அலறினாள். எல்லோரும் பார்ப்பார்களே என்று அவள் வாயைப் பொத்தி வெளியே இழுத்து வந்தேன். மத்தளக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஏம்மா, எங்க மேஸ்திரியை எங்க கடத்திட்டுப் போற? அவ கத்தினாத்தானே மெதுவா அடிக்கணும்னு எனக்குத் தெரியும்!" என்று சிரித்து, அவளை உள்ளே கூட்டிப்போனார்.

நான் வெட்கத்தில் வாசலிலேயே நின்றேன். ஊரில் தம்பி ரேமா கத்தும்போதும் அவன் வாயை இப்படித்தானே பொத்துவேன்?

என் கம்பளிச் சால்வையைக் கொடுத்தனுப்புங்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சூமோ ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார். இந்த ஞாயிறு தம்பியை வீட்டில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், அம்மா. தேவாலயத்தில் உங்கள் பக்கத்தில் என் இடம் காலியாகத்தானே இருக்கிறது?

மாவீ